முகட்டில் நின்ற வண்டி

ஹாலில் ஏதோ கொட்டுகிறது. அரிசி இல்லை, அரிசி என்றால் இன்னும் கனமாக விழும். சர்க்கரையும் இல்லை. அதைவிட மெலிசாக, நூல் பருமனுக்கு, விட்டுவிட்டு, காகிதத்தின் மேல் விழுகிற சத்தம். மணி இரண்டு தாண்டியிருக்கும். பாப்பா என் கைமடிப்பில் தலையை வைத்து வாயைத் திறந்தபடி தூங்குகிறாள், கையை உருவினால் விழித்துவிடுவாள், மற்றக் கையை நீட்டி இவர் படுக்கிற பக்கத்தைத் தடவினேன், தலையணை குளிர்ந்து கிடந்தது, போர்வை மடித்து வைத்திருந்தது. மடித்து வைத்துவிட்டு எழுந்திருக்கிறார் என்றால் பாத்ரூமுக்கு இல்லை. ஹாலில் இருப்பது இவர்தான் என்றால் ஏன் விளக்கில்லை, கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம்கூட இல்லையே. கேஸ் கசிகிறதோ. கேஸ் என்றால் சீறும், இப்படி நின்று நின்று விழாது. மேல்வீட்டுத் தண்ணீர் இறங்கிச் சுவர்ப்பூச்சு உதிர்கிறதோ. எனக்கு எப்போதுமே இப்படித்தான், ஒரு சத்தம் கேட்டால் அது என்ன என்று தெரிகிறவரை இருப்புக்கொள்ளாது, தெரிந்த பிறகும் சீக்கிரத்தில் அடங்காது. விடுதியில் ராத்திரி மின்விசிறி கிறீச்சிட்டால்கூட நான் பக்கத்துக் கட்டில்காரியை எழுப்பிவிடுவேன், அவள் அடுத்தவளை எழுப்புவாள், கடைசியில் எங்கள் வார்டன் ஸிஸ்டர் எவுலாலியா டார்ச்சோடு வந்து நின்று, ஜெனோவா, பயப்படுவது பாவமில்லை, உன் பயத்தை ஊருக்கெல்லாம் பங்கு வைக்கிறாயே அதுதான் தப்பு என்பார்கள். பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, அந்தக் குரல் இன்னும் டார்ச் அடிக்கிறது. ஹாலில் சத்தம் நின்றது. தொப் தொப் என்று உள்ளங்கையால் ரப்பரைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. மறுபடி அந்த நூல். அப்போதுதான் புரிந்தது. மணல். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஜனவரி மாதத்திலிருந்து அலமாரி அடித்தட்டில் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கிடந்த பூட்ஸ், நான் ஒவ்வொரு தடவை பெருக்கும்போதும் அந்தப் பையைத் தொடாமல் சுற்றிப் பெருக்கினேன், அதற்குள் இவ்வளவு மணல் இருந்திருக்கிறது, பத்து மாதமாக. அப்படியென்றால் போகிறார். ஐயோ, போகத்தான் போகிறார்.

புதன்கிழமை தயாளன் அண்ணன் போன் பண்ணினபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தயாளன் அண்ணன்தான் இவர்கள் கூட்டத்துக்கு மூத்தவர், பாலைவனத்துக்குள் போகும்போது முதல் வண்டி அவருடையது. உடன்குடிக்காரர், ஷார்ஜாவுக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் போனில் பேசினால் ஊரில் நின்று கூப்பிடுகிற சத்தம், ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்கும். எலே லயனல், வெயில் போயிட்டு, சனிக்கிழமை காலைல நாலரைக்குக் கெளம்புதோம், மதாம் ஊரு தாண்டிப் பழைய இடத்துக்குத்தான், மொகுதூம் போன பெறகு மொத தடவ, நீ இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன் கேட்டியா. இவர் ம் என்றார். மொகுதூம் தம்பி செய்யிதும் வாரான்லே, அண்ணன் வண்டியச் சரிபண்ணி எடுத்துட்டு வாரான், நீதான் அவனுக்குப் பின்னால கடைசி வண்டி. இவர் ம் என்றுகூடச் சொல்லவில்லை. நான் பாப்பாவுக்கு ராகிக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன், கூழ் கட்டி தட்டிவிட்டது. இந்த மூன்று நாளில் இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் இவர் போகிறேன் என்றும் சொல்லலாம் போகவில்லை என்றும் சொல்லலாம், இரண்டில் எது வந்தாலும் அதற்கு அடுத்த பேச்சு என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பேச்சு வரக்கூடாது என்பதற்காகத்தான் பத்து மாதமாக இந்த வீட்டில் பால் வாங்கணும், டயப்பர் தீர்ந்துபோச்சு, ஏசி தண்ணி சொட்டுது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இவருக்கு மணல் என்றால் அப்படி ஒரு பித்து. கல்யாணம் பேசின அன்றைக்கே என் மாமா சொன்னார், மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது சிகரெட் கிடையாது, லீவு நாள்னா வண்டியைத் தூக்கிக்கிட்டு மணலுக்குள்ள போயிடுவாராம், அது ஒண்ணுதான். அம்மா சிரித்தாள், மணலுக்குள்ள என்ன இருக்கு, வேற பொம்பளையா இருக்கு. இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம் இது. மணப்பாட்டுப் பையன் இவர், காயல்பட்டினத்துப் பையன் மொகுதூம், ஆறுமுகநேரியில் ஒரே பெஞ்ச். பதினைந்து வயதில் மொகுதூமுடைய மாமாவின் ஓட்டை ஜீப்பைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு குதிரைமொழித் தேரிக்குள் விட்டிருக்கிறார்கள், அந்தச் செக்கச் செவேலென்ற மணலில் ஜீப் வயிறு வரைக்கும் புதைந்து, பனைமட்டையை வெட்டிச் சக்கரத்துக்கடியில் கொடுத்து, அப்படியும் ஏறாமல், கோபத்தில் மொகுதூம் டயரின் காற்றைப் பிடுங்கிவிட, வீட்டுக்குப் போக முடியாது என்று இரண்டு பேரும் அழுதுகொண்டே சும்மா ஒரு தடவை கியர் போட்டுப் பார்க்க, வண்டி மணலுக்கு மேலே மிதந்து வந்துவிட்டதாம். காற்றை இறக்கினால் டயர் அகலும், அகன்றால் மணல் தாங்கும், அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரலை ஜெனோ, அவன் கோபந்தான் சொல்லித்தந்தது என்பார். இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் மிதந்து வந்தது என்கிற இடத்தில் கையை இப்படித் தட்டையாக வைத்து நகர்த்திக் காட்டுவார். பத்து மாதமாக அந்தக் கை அப்படி நகரவில்லை. பாப்பாவுக்கு அந்தக் கதை தெரியாமலே போய்விடும். இல்லை, ஏன் தெரியாமல் போகும், ஒன்பது மாதக் குழந்தைக்கு எந்தக் கதை தெரிகிறது, நான் ஏன் இப்படி நினைக்கிறேன்.

என்னை ஒரே ஒரு தடவை கூட்டிப்போனார், கல்யாணமாகி வந்த முதல் டிசம்பர். தார்ரோடு முடிகிற இடத்தில் ஏழு வண்டியும் வரிசையாக நிற்க, ஆளாளுக்கு டயர் பக்கத்தில் குத்தவைத்துக் காற்றை இறக்கினார்கள், விடியாத குளிரில் இருபத்தெட்டு டயரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. ஏறு மதினி, பயமாயிருந்தா கண்ண மூடிக்கோ, அதுக்கும் பயமாயிருந்தா லயனல் கண்ண மூடிடாத, அவன்தான் ஓட்டுதான் என்று மொகுதூம் சொன்னான். நல்ல உயரம், மெலிந்த உடம்பு, முன்பல்லில் ஒன்று லேசாக உடைந்திருக்கும். மணல்மேட்டில் ஏறும்போது முன்கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும், அந்தப் பக்கம் பூமி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, முகட்டைத் தாண்டுகிற அந்த ஒரு நொடியில் வயிறு மேலே நின்றுவிட்டு வண்டி மட்டும் கீழே போகும். நான் அருள்நிறைந்த மரியே வாழ்க என்று சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். வாக்கிடாக்கி பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது நான்தான் என்று எனக்குத் தெரியாது, முழு ஜெபமும் ஏழு வண்டியிலும் கேட்டிருக்கிறது. ஆமென் என்று மொகுதூம் குரல் வந்தது, லயனலு, வண்டி ஓட்டுதியா ஜெபக்கூட்டம் நடத்துதியா, காணிக்கை எடுக்கும்போது சொல்லு நான் பின்னால திரும்பிப் போயிருதேன். இவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. அன்றைக்குத்தான் சட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார். ஏறுகிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது, வேகத்தைக் குறைத்தால் ஏறவும் முடியாது, அதனால் முன்னால் போனவன் முகட்டைத் தாண்டி, இறங்கி, விலகிப் போன பிறகு வாக்கியில் கிளியர் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் கேட்டால்தான் அடுத்தவன் ஏறுவான். கேட்டுவிட்டால் யோசிக்க மாட்டான், மிதித்துக்கொண்டு வருவான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஜெனோ எல்லாரும் வீட்டுக்குப் போறோம் என்றார். அப்போது நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன், மொகுதூம் மணலில் அடுப்பு மூட்டிப் பாலில்லாத சுலைமானி டீ போட்டுக்கொண்டிருந்தான், டீயில் மணல் கடித்தது, அது இலவசம் மதினி என்றான்.

பாப்பா ஒரு தடவை நெளிந்து மறுபடி அடங்கினாள். ஹாலில் இப்போது சத்தமே இல்லை, சத்தமில்லாதது அதைவிடப் பயமாக இருக்கிறது. குழாய். அந்தக் குழாயை நினைக்கக்கூடாது என்று நினைத்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும். சமையலறைக் குழாய். ஜனவரி, சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். எனக்கு எட்டு மாதம். தனியாக இருக்கிறேன், குழாயைத் திறக்கிறேன், தண்ணீர் வரவில்லை, கொர்கொர் என்று ஒரு சத்தம், குரல்வளையை யாரோ பிடித்தமாதிரி, பிறகு சுவருக்குள்ளே டங் டங். மூடினேன், அப்படியும் நிற்கவில்லை. இவ்வளவுதான். வலி இல்லை, ரத்தம் இல்லை, கதவைத் தட்டினவர் யாரும் இல்லை. ஒரு குழாய் இருமியது. நீ எப்ப கூப்பிட்டாலும் எடுப்பேன் ஜெனோ, எங்கே இருந்தாலும் எடுப்பேன் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார், நான் கூப்பிட்டேன். மணலுக்குள் எங்கேயும் சிக்னல் கிடையாது. பள்ளத்தில் சுத்தமாகக் கிடையாது. முகட்டில்தான் வரும், முகட்டில் ஒரு சில நொடி. இது எனக்குத் தெரியும், இவரே சொல்லியிருக்கிறார், மேடு ஏறும்போதெல்லாம் பையில் போன் டிங் டிங்னு பழைய மெசேஜா வந்து விழும் என்று சிரித்திருக்கிறார். ஐந்து தடவை தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று வந்தது, ஐந்து தடவையோடு நான் விட்டிருக்கலாம், பக்கத்து வீட்டு மலையாளி அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவள் வீட்டிலும் அதே சத்தம்தான். ஆறாவது தடவை மணி அடித்தது. எடுத்தார். என்னம்மா. மூச்சு வாங்குகிற குரல், சந்தோஷமான குரல், பின்னால் காற்று. நான் குழாய் என்றேன், சுவருக்குள்ள என்னமோ டங் டங்குனு என்றேன், ஒண்ணுமில்லடி, மேல தண்ணித்தொட்டி கழுவுறாங்க, நேத்தே நோட்டீஸ் ஒட்டியிருந்தானே, நீ உக்காரு, தண்ணி குடி என்றார். தண்ணி குடி என்கிற சொல்லுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது, இவ்வளவு பக்கத்திலா என்று நான் நினைத்தேன், அப்புறம் இவர் டேய் என்று கத்தினார். ஒரு தடவைதான். பிறகு போன் மணலில் விழுந்துகிடந்து எனக்குக் காற்றை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. நான் ஹலோ ஹலோ என்றுகொண்டு குழாயைப் பார்த்தபடி நின்றேன். குழாயில் அப்போது தண்ணீர் வந்துவிட்டது.

பழக்கதோஷம். முகட்டில் ஏறும்போதே வாயில் கிளியர் வந்துவிடும், இருபது வருஷப் பழக்கம், இறங்கி விலகுவதற்கு ஒரு மூச்சு முன்னால் சொல்லிவிடுவார், சொல்கிற நேரத்துக்குள் வண்டி விலகியிருக்கும், ஒரு நாளும் பிசகினதில்லை. அன்றைக்கும் சொல்லிவிட்டார். சொன்ன அதே நொடியில் பையில் போன் அடித்தது, என் பெயர், எட்டு மாதம், இறங்கினால் சிக்னல் போய்விடும். பிரேக்கை மிதித்துவிட்டார். முகட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு வண்டி நீளம்கூட விலகாமல். பின்னால் கடைசி வண்டி மொகுதூம், அவன் கிளியர் கேட்டுவிட்டான், மிதித்துக்கொண்டு வந்தான், மேலே வந்து பார்த்தால் முன்னால் லயனல் வண்டியின் முதுகு. ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டான். ஒடிக்காமல் வந்திருந்தால் இவரை இடித்திருப்பான், இரண்டு பேருக்கும் கொஞ்சம் அடிபட்டிருக்கும், அவ்வளவுதானாம். ஒடித்ததால் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, சரிவில் மூன்று தடவை உருண்டது, மொகுதூம் அங்கேயே போய்விட்டான். இதில் பாதி தயாளன் அண்ணன் மனைவி சொன்னது, மீதி நானாகச் சேர்த்துக்கொண்டது. இவர் எல்லாரிடமும் சொன்னது வேறு. கிளியர் சொன்ன பெறகு வண்டி புதைஞ்சிட்டு அண்ணே, நகரலை. போலீஸிலும் அதுதான். புதைவது யாருக்கும் நடக்கும், புதைந்தவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், தயாளன் அண்ணன் இவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றைக்கு ராத்திரி நான் என் போனிலிருந்து அந்த ஆறு அழைப்பையும் அழித்தேன். இரண்டு நாள் கழித்து இவர் போனைப் பார்த்தேன், அதிலும் இல்லை. நான் அழித்தது அவருக்குத் தெரியாது, அவர் அழித்தது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதா. தெரியும். இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், பாப்பாவைத் தவிர.

விடுதியில் ராத்திரி ஜெபம் முடிந்து ஒன்பது மணி அடித்தால் மௌன நேரம். காலைப் பூசை வரைக்கும் ஒருத்தியும் வாய் திறக்கக்கூடாது, தாகம் என்றால் சாடை காட்ட வேண்டும். முதல் மாதம் எனக்கு மூச்சு முட்டியது, பிறகு பழகி, அப்புறம் பிடித்துப்போனது, பேசக்கூடாது என்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று பன்னிரண்டு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். படுக்குமுன் ஒரு நோட்டில் அன்றைய குறைகளை எழுத வேண்டும். ஜெபத்தில் கவனம் சிதறினேன், சாப்பாட்டில் ருசி பார்த்தேன் என்று சின்னச் சின்னதாக எழுதுவேன், பெரியதை எழுத இடமில்லாமல் போகட்டும் என்று. இப்போதும் மாதம் ஒரு தடவை கோவிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கிறேன், எரிச்சல்பட்டேன், பொய் சொன்னேன் என்று சாமியாரிடம் சொல்கிறேன், என்ன பொய் என்று அவர் கேட்பதில்லை. அவர் கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போகிறேன். இவர் கோவிலுக்கே வருவதில்லை. வேலைக்கு பஸ்ஸில் போகிறார். வண்டி கீழே உறை போட்டுக் கிடக்கிறது, டயரில் காற்று தன்னாலே இறங்கிக்கொண்டிருக்கிறது. சாயந்தரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போவார், நான் பால்கனியிலிருந்து பார்ப்பேன், உறையைப் பாதி ஒதுக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் அவளை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார், எஞ்சினைப் போட மாட்டார், அவள் ஸ்டீயரிங்கை நக்குவாள். ராத்திரி படுக்கப்போகுமுன் கேஸ் மூடியிருக்கிறதா என்று நான் பார்ப்பேன், நான் பார்த்த பிறகு அவர் போய்ப் பார்க்கிறார். அவரிடம் இல்லாதது ஒன்று உண்டென்றால் அது பயம்தான், அதையும் கொடுத்துவிட்டேன். எனக்கு இவர் போகக்கூடாது. அந்த மணலில் இவர் மறுபடி ஒரு அடிகூட வைக்கக்கூடாது. ஆனால் பூட்ஸைத் தட்டுகிற சத்தம் கேட்டபோது, அது என்ன என்று தெரிந்த அந்த நொடியில், பயத்துக்குக் கீழே, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. போகட்டும், போய்ச் சிரித்துவிட்டு வரட்டும். இரண்டையும் எப்படி ஒரே மனசு நினைக்கிறது.

நாலு பத்து. கண்ணயர்ந்திருக்கிறேன். கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், பால்கனி வெளிச்சத்தில் பாதி முகம் தெரிகிறது. பூட்ஸ் போட்டிருக்கிறார், கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறது. கையில் வண்டிச்சாவி. போன் டீப்பாயில் குப்புறக் கிடக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார் போல. எவ்வளவு நேரமாக இப்படி. போங்க என்று சொல்லலாம். நான் கூப்பிட மாட்டேன், குழாய் வெடித்தாலும் கூப்பிட மாட்டேன், போங்க. அல்லது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் என்று ஆரம்பிக்கலாம், அன்றைக்கு நான் என்பதற்கு மேலே ஒரு சொல்கூட வேண்டியதில்லை. பாப்பா விழித்துக்கொண்டு என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள், அழவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். சொல்லப்போகிறேன், இதோ, பாப்பா சங்கிலியை விட்டதும். அழைப்பு மணி அடித்தது.

இவர் திறந்தார். "என்னலே, போன அணைச்சுப் போட்டுட்டு? கீழ ஆறு வண்டி நிக்கி." தயாளன் அண்ணன்தான். "பூட்ஸ் மாட்டிட்டுத்தான நிக்கே, பெறகென்ன? வா வா, பெண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வா."

"மெதுவா அண்ணே, பிள்ள தூங்குது."

"காக்கா." இது செய்யிது. மொகுதூமின் தம்பி, இருபத்திரண்டு வயது. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், இவரையும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறான். "உம்மா நேத்து போன்ல ஒரே அழுகை காக்கா, போகக்கூடாதுன்னு. கடைசி வண்டி லயனல் காக்கான்னு சொன்னேன். அப்படின்னா சரி வாப்பா, அவன் பின்னால வந்தா எனக்குப் பயமில்லன்னுட்டாங்க."

லிஃப்ட் கதவு தானாக மூடி, திறந்து, மூடிக்கொண்டது.

"செய்யிது," என்றார் இவர். "அன்னைக்கு வண்டி புதையலடா."

"என்னலே சொல்லுத?"

"புதையல அண்ணே. கிளியர் சொல்லிட்டு நான்தான் நிறுத்தினேன். பிரேக்க மிதிச்சு நிறுத்தினேன்."

"முகட்டுலயா?"

"ம்."

"இருவது வருசமா மணல்ல ஓட்டுதவன் முகட்டுல நிறுத்துவியா? எதுக்குலே நிறுத்துன?"

இப்போது. கதவுப்பிடி என் கையில் இருக்கிறது, குளிர்ந்த பித்தளை, ஒரு திருகு திருகினால் போதும். நான் கூப்பிட்டேன் அண்ணே, குழாய்ச் சத்தத்துக்குப் பயந்து நான்தான் கூப்பிட்டேன். வார்த்தை எல்லாம் வரிசையாக நிற்கிறது. அவர் சொல்லிவிடுவார், ஜெனோவா கூப்பிட்டா என்று அவர் சொல்லட்டும், அதற்குப் பிறகு நான் வெளியே போய்விடுகிறேன், முதல் சொல் மட்டும் அவருடையதாக இருக்கட்டும். பாப்பாவின் மூச்சு என் காதில் சூடாக இருக்கிறது.

"சும்மாதான்," என்றார் இவர்.

"சும்மான்னா?"

"சும்மா நின்னு பாக்கணும் போல இருந்துது அண்ணே. விடியற நேரம். நல்லாயிருந்துது."

ஒன்பதே முக்கால் விடிகிற நேரமா. அது தயாளன் அண்ணனுக்கும் தெரியும், அவர் கேட்கவில்லை. ஒரு அறை விழும் என்று நான் கண்ணை மூடினேன். விழவில்லை. செய்யிதின் குரல்தான் வந்தது, கோபமே இல்லாத குரல், பள்ளிக்கூடத்தில் வழி கேட்கிற பிள்ளை மாதிரி.

"உம்மாகிட்ட நான் என்ன காக்கா சொல்ல?"

வாலே செய்யிது, என்றார் தயாளன் அண்ணன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, நாலு மாடியும் படியில் இறங்குகிற சத்தம், ஒரு ஜோடிக் கால் வேகமாக, ஒரு ஜோடி ஒவ்வொரு படியிலும் தங்கித் தங்கி. நான் கதவைத் திறந்தேன். இப்போது திறந்தேன். இவர் வாசல்கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, அவர்கள் போன பக்கத்தையே பார்த்து நின்றார். கீழே எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமின, என்னையறியாமல் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று, ஆறாவது மட்டும் கிளம்பவேயில்லை, பிறகு அதுவும் கிளம்பியது, ஆனால் மற்றவை போன திசையில் இல்லை. இன்னும் நேரமிருந்தது. பால்கனிக்கு ஓடிக் கத்தியிருக்கலாம், போன் பண்ணியிருக்கலாம், செய்யிதின் நம்பர் எனக்கு மனப்பாடம். பாப்பா அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"நான்," என்றேன். "அன்னைக்கு நான்."

இவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. அந்த முகத்தில் எனக்கென்று எதுவுமே இல்லை.

"பிள்ளைக்குக் கால் குளிருது பாரு, சாக்ஸ் போடு," என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். தாழ்ப்பாள் பாதியில் சிக்கியது, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, அது கடைசிவரைக்கும் போய் உட்காருகிறவரை பிடித்துத் தள்ளினார்.